ஒன்பதாவது கல்லில் ஒரு தொட்டில்

செங்கரட்டுவலசில் வெள்ளம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அப்படித்தான் லோகப்பிரியா போன மாதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பியிருந்தாள். கிராமப் பேரிடர் விவரப் படிவம் என்று ஒன்று வருடா வருடம் மேலிடத்திலிருந்து வரும். புயல், வெள்ளம், வறட்சி, தீ என்று கட்டங்கள் போட்டிருக்கும். கடைசியாக எப்போது நடந்தது, எத்தனை உயிர் போனது என்று நிரப்ப வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்த கிராம நிர்வாக அலுவலர், வறட்சிக்கு 'உண்டு', மற்றதற்கெல்லாம் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அதையே எழுதியிருந்தார். லோகப்பிரியா தேதியை மட்டும் மாற்றினாள்.

அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளகோவிலுக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். மழை மேகமெல்லாம் மேற்கு மலையோடு கணக்கை முடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாகத்தான் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, நடுநடுவே வெள்ளவேல மரம், அதன் நிழலில் செம்மறி ஆடுகள். அவளுக்கு இங்கே மாற்றல் வந்தபோது, பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன், "அக்கம்பக்கம் ஒட்டகம் ஏதாச்சும் கண்ணுல பட்டா போட்டோ அனுப்பு கண்ணு" என்று சொல்லிச் சிரித்தான்.

ஊருக்கு மேற்கே கள்ளிப்பள்ளம் ஓடுகிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்குத்தான். முப்பதடி அகலத்துக்கு மணலும் உருண்டைக் கல்லும் கிடக்கும் ஒரு தாழ்வான தடம். ஏழு வருடமாக அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்து ஊருக்குக் குறுக்கு வழியாகப் பைக்குகள் அதில்தான் போகும். சனி, ஞாயிறுகளில் கிரிக்கெட் நடக்கும்.

பள்ளத்தின் கிழக்குக் கரையில், நல்ல மேட்டில், கன்னிமார் கோயில். கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை. ஒரு வேப்பமரம், அதன் கீழே வரிசையாக நட்ட கற்கள், மஞ்சள் பூச்சு, அவ்வளவுதான். முதன்முதலாகப் பார்த்த அன்றே லோகப்பிரியா எண்ணிவிட்டாள்.

"ஏனுங்க, கன்னிமார்னா ஏழு பேருதானுங்களே? இங்க ஒன்பது கல் இருக்கே?"

கிராம உதவியாளர் சென்னிமலை தலையைச் சொறிந்தார். ஐம்பத்தைந்து வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊர்.

"எல்லா ஊர்லயும் ஏழுதானுங் மேடம். எங்கூர்ல மட்டும் ஒம்பது. ரெண்டு எச்சா இருந்தா நல்லதுதானுங்களே?"

"அந்தக் கடைசிக் கல்லுல மட்டும் துணியில தொட்டில் கட்டித் தொங்குதே?"

"அது புள்ளைவரம் கேக்கற கல்லுங்க. தொட்டில் கட்டிக் கும்புட்டா கைமேல பலன்."

கன்னிக்கு எதற்குத் தொட்டில் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் யாரோ சாதிச் சான்றிதழுக்கு வந்துவிட்டார்கள். அப்படியே விட்டுப்போயிற்று.

ஒரு திங்கட்கிழமை மதியம், அந்தக் கேள்வி வேறு வழியாக வந்து நின்றது.

சுதந்திரத்துக்கு முந்தைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும், கட்டி அனுப்புங்கள் என்று உத்தரவு. சென்னிமலை மரப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துண்டால் தட்டிக் கொடுக்க, லோகப்பிரியா வருடம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். 1932ஆம் வருடத்து இறப்புப் பதிவேட்டைச் சும்மா புரட்டினாள். காய்ச்சல், பேதி, பிரசவம், மூப்பு, மறுபடி பேதி. அந்தக் காலத்து மனிதர்கள் செத்ததற்கான காரணங்கள் நான்கைந்துக்குள் அடங்கிவிட்டன.

நவம்பர் மாதப் பக்கத்தில் கை நின்றது. எட்டு வரிகள். எட்டுக்கும் ஒரே தேதி. எட்டும் பெண்கள். காரணம் என்ற இடத்தில் எட்டு முறையும் ஒரே கையெழுத்தில், 'ஜலத்தில் முழுகி'.

ஓரத்தில் அன்றைய மணியக்காரர் பொடி எழுத்தில் குறிப்பு எழுதியிருந்தார். 'பள்ளத்தில் முதல் தண்ணீர் கும்பிட இறங்கினவர்கள். மேலே வேலங்குளம் கரை உடைந்து ஜலம் ஒரே அடியாய் வந்தது.'

அடுத்த தாள் பழைய ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. அவள் பிரிக்கவில்லை.

"சென்னிமலை அண்ணா, முதல் தண்ணீர் கும்பிடறதுன்னா என்னங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, அதை நீங்க பாக்கோணுமுங்க! பள்ளத்துல தண்ணி வாரப்ப மொதல்ல மெதுவாத்தான் வரும். நொரை, சருகு, குச்சியெல்லாம் தள்ளிக்கிட்டு, பாம்பு ஊர்ற மாதிரி. பொம்பளைங்கெல்லாம் மஞ்ச, பூவு, மாவிளக்கோட பள்ளத்துக்குள்ள எறங்கி நிப்பாங்க. அந்த மொதத் தண்ணி வந்து காலைத் தொடோணும். தொட்டாத்தான் ஊருக்கு நல்லது. என்ற அறிவுக்கு ஆறு தடவை வந்துருக்குதுங்க. ஆறு தடவையும் கெண்டைக்காலுக்கு மேல ஏறுனதில்ல."

அவள் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். எட்டு வரியையும் விரலால் எண்ணினார். பிறகு, "எட்டுத்தானுங்களே" என்றார். "கல்லு ஒம்பதாச்சே. இது வேற எதோ சங்கதிங்க மேடம்."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 1932 பதிவேட்டை மட்டும் கட்டில் சேர்க்காமல் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, வெள்ளகோவிலில் பஸ் ஏறும்போதே கைபேசி துடித்தது. ஊர் வாட்ஸ்அப் குழு. மேற்கே கரட்டுக் குன்றுகள் பக்கம் இரவெல்லாம் மழை கொட்டியிருக்கிறது. ஆட்டு வியாபாரி சசிதர் குரல் பதிவு போட்டிருந்தார். "கள்ளிப்பள்ளத்துல தண்ணி கெளம்பிருச்சு! பத்து, பத்தரைக்கு நம்மூரு எல்லை தொட்டுரும். அல்லாரும் வந்து சேருங்க சாமி!" அதற்குக் கீழே நாற்பது கைகூப்புகள், இருபது பூக்கள்.

அடுத்து ஒரு செய்தி. ஊராட்சி முன்னாள் தலைவர் பூவாத்தாள் அனுப்பியது. 'எங்கள் மருமகள் நந்திதா முதல் ஆளாக நின்று தண்ணீரை வரவேற்பாள்.'

லோகப்பிரியா அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். நந்திதாவை அவளுக்குத் தெரியும். திருமணமாகி ஆறு வருடம் கழித்து, அந்தக் கடைசிக் கல்லில் தொட்டில் கட்டிய பிறகு உண்டானவள். இப்போது ஏழாம் மாதம்.

பஸ்ஸுக்குள்ளிருந்தே மதன்குமாரைக் கூப்பிட்டாள். மேலே, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, வேலங்குளம் இருக்கும் கிராமத்தின் நிர்வாக அலுவலர் அவன்.

"குளம் எப்படிங்க இருக்கு?"

"நானே கூப்புடலாம்னு இருந்தனுங்க. தளும்பி நிக்குது. வடக்குக் கரையில ஒரு எடத்துல கசிவு. பொக்லைன் கொண்டாந்து மணல் மூட்டை போட்டுட்டு இருக்கறோம். நிக்குமா, நிக்காதான்னு ரெண்டு மணி நேரத்துல தெரியும்."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமுங்களா?"

"சொல்ல வேண்டிய ஊருங்க லிஸ்ட்ல நாலு ஊர் இருக்கு. நாலுக்கும் சொல்லியாச்சுங்க. உங்க ஊரு அதுல இல்லியே." அவன் குரலில் குத்தல் இல்லை, மணல் மூட்டைக்கு நடுவில் நின்று பேசுகிறவனின் அவசரம்தான். "வெள்ள அபாயம் இல்லைன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். மேலதிகாரிக்குப் பேசினாள். ஆள் அனுப்புகிறோம், வர நேரமாகும், அதுவரை மக்களைப் பள்ளத்தில் இறங்கவிடாதீர்கள் என்றார். சொல்வது சுலபம்.

அலுவலகத்தில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, சென்னிமலையின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனாள். கரையில் திருவிழாக் கூட்டம். நூறு, நூற்றைம்பது பேர் இருப்பார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே விடுமுறை விட்ட மாதிரி. ஆண்கள் மேட்டில் நின்றார்கள். பெண்கள் தாம்பாளங்களோடு சரிவில் இறங்கத் தயாராக இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் பூவாத்தாள். அறுபது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பக்கத்தில் பச்சைப் பட்டில் நந்திதா.

"தலைவரம்மா, சித்த நில்லுங்க. யாரும் இறங்க வேண்டாம். மேலே வேலங்குளத்துக் கரை கசியுதாம். நிக்குமான்னு தெரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம்."

"வாங்க அம்மணி, வாங்க." பூவாத்தாள் சிரித்தபடிதான் வரவேற்றார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒரு தாம்பாளம் புடிங்க."

"குளம் உடைஞ்சா இங்க வெள்ளம் வந்துருமுங்க."

"வெள்ளமா!" சசிதர் மேட்டிலிருந்து கத்தினார். "மேடம், எங்கூருக்கு வெள்ளம் வந்தா உங்க வாயில சக்கரை போடறமுங்க. குடிக்கறதுக்கு லாரித் தண்ணிக்கு நாலு நாள் காத்துக் கெடக்கறோம்!"

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருத்தி, "ஏழு வருசங்கழிச்சு வார தண்ணிய வேண்டாங்கறாங்களே, இதென்ன கெட்ட வாக்கு" என்று முணுமுணுத்தாள். அந்தச் சொல் கூட்டத்தில் பரவுவதை லோகப்பிரியா பார்த்தாள். இன்று தண்ணீர் வராமல் நின்றுபோனால் அது அவள் நாக்கினால்தான் என்று ஆகிவிடும். வந்து ஒன்றும் நடக்காமல் போனாலோ, இனி இந்த ஊரில் அவள் சொல் செல்லாது. போலீஸ், சட்டம் என்று மிரட்டிப் பார்க்கலாம்தான். நூற்றைம்பது பேருக்கு முன்னால் அவள் ஒருத்தி, கூடச் சென்னிமலை.

அவள் பதிவேட்டைத் திறந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. தொண்ணூறு வருசத்துக்கு முந்தி இந்த ஊர் மணியக்காரர் எழுதினதை வாசிக்கறேன். கேட்டுட்டு அப்புறம் இறங்குங்க."

வாசித்தாள். தேதி, காரணம், ஓரக்குறிப்பு. பிறகு பெயர்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த வீட்டுப் பெண் என்றும் எழுதியிருந்தது. "மேக்காலத் தோட்டம் நாச்சாத்தாள், வயது பத்தொன்பது. ஊஞ்சக்காடு பூவாத்தாள், வயது நாப்பது…"

பூவாத்தாளின் புருவம் ஏறியது. அவர் புகுந்த வீடும் பிறந்த வீடும் உள்ளூர்தான். பிறந்த வீடு ஊஞ்சக்காடு.

மூன்றாவது, நான்காவது பெயர் வாசிக்கும்போது சலசலப்பு குறைந்துவிட்டது. ஒரு பெண், "அது எங்கூடு" என்றாள். "எங்க வகையறாக் கல்லு ரெண்டாவது. அதுக்குத்தான் நாங்க பூ வெக்கறது." இன்னொருத்தி, "எங்களுது நாலாவது" என்றாள். ஒன்பது கல்லுக்கும் ஒன்பது குடும்பங்கள்தான் மாவிளக்கு வைக்கும். ஏன் அந்த ஒன்பது குடும்பம் என்று யாரும் கேட்டதில்லை. முறை என்றால் முறைதான்.

எட்டுப் பெயரும் முடிந்தன.

பூவாத்தாள்தான் முதலில் தேறினார். "அப்ப நாங்க இத்தனை நாளாக் கும்புட்டது கன்னிமாருங்க இல்ல, தண்ணியில போனவங்கன்னு சொல்றீங்க?"

"உங்க ஊட்டுப் பெண்களைன்னு சொல்றனுங்க."

"எட்டுப் பேரு செத்தாங்க, சரி. கல்லு ஏன் ஒம்பது? சொல்லுங்க அம்மணி, அந்த ஒம்பதாவது யாரு? எங்க ஊட்டுக் கல்லு அதுதான். என்ற மருமக தொட்டில் கட்டுன கல்லு அதுதான்." குரல் இப்போது கூட்டத்துக்காகவும் பேசியது. "காயிதத்துல எட்டு இருக்குதுன்னு ஒம்பதை இல்லைன்னு சொல்ல முடியுமா?"

லோகப்பிரியா பதிவேட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "தெரியலீங்க" என்றாள். "அடுத்த தாள் ஒட்டிக்கிச்சு."

"ஒட்டிக்கிச்சா!" சசிதர் ஆரம்பித்தார். "கவர்மெண்டுக் காயிதம் ஒட்டுனா ஒட்டுனதுதான்…"

"குடுங்கக்கா, பாக்கறேன்."

நந்திதா. அதுவரை வாய் திறக்காதவள். தாம்பாளத்தை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, வேப்பமரத்து வேரில் மெதுவாக உட்கார்ந்தாள். பதிவேட்டை மடியில், வயிற்றுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டாள். திருமணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு துணிக்கடைக்காகச் சேலைக்குக் கல் ஒட்டும் வேலை பார்த்தவள் அவள். பழைய பசையைப் பார்த்துப் பயப்படவில்லை. மஞ்சள் படிந்த சுண்டுவிரல் நகத்தை ஓரத்தில் நுழைத்து, வாயால் லேசாக ஊதி ஊதி, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று பிரித்தாள். கூட்டம் அவள் விரலையே பார்த்தது.

தாள் கிழியவில்லை. அதில் மேலே ஒரே ஒரு வரிதான் அந்தத் தேதியில் இருந்தது.

நந்திதா அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. முதலில் மனதுக்குள் வாசித்தாள். முகம் மாறியது. பதிவேட்டை மாமியாரிடம் நீட்டினாள்.

பூவாத்தாள் இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சாமக்காடு… ராசாத்தாள்… வயசு இருபத்தேழு…" சாமக்காடு அவருடைய புகுந்த வீடு. அதற்குமேல் இரண்டே சொல். அவர் அதை முழுதாகச் சொல்வதற்குள் குரல் இறங்கிவிட்டது. "கைக்குழந்தையுடன்."

லோகப்பிரியா திரும்பி அந்தக் கடைசிக் கல்லைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நந்திதாவின் பழைய சேலைத் துண்டில் கட்டிய தொட்டில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

யாரோ ஒருவர், தன் ஊர்க்காரர்கள் மறந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் கல்லில் முதல் தொட்டிலைக் கட்டியிருக்க வேண்டும். பிள்ளை செத்ததற்காகக் கட்டிய தொட்டில். வருடம் போகப் போக ஏன் என்பது உதிர்ந்து, தொட்டில் மட்டும் மிஞ்சிவிட்டது. அழிவின் அடையாளம் வரம் கேட்கும் இடமாகிவிட்டது. அதில் தப்பென்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சாவை நினைத்துக்கொண்டே தொண்ணூறு வருடம் ஒரு ஊர் இருக்க முடியுமா? ஆனால் அந்த ஒன்பது பேரையும் கும்பிடுவதற்காக, அந்த ஒன்பது பேரும் செத்த இடத்திலேயே போய் இறங்கி நிற்கிறார்களே!

"தண்ணி! தண்ணி!" என்று குழந்தைகள் கத்தினார்கள்.

வளைவில் வந்துவிட்டது. சென்னிமலை சொன்னது போலவேதான். பழுப்பு நுரையை உதட்டில் வைத்துக்கொண்டு, சருகையும் வேலமுள்ளையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பையும் தள்ளியபடி, மணலை நக்கி நக்கி, குழியைக் கண்டால் நின்று நிரப்பி, பிறகு நகர்ந்து. ஒரு தவழும் குழந்தையின் வேகம்கூட இல்லை. காய்ந்த மணல் அதைக் குடிக்கும் சத்தம் மேட்டில் கேட்டது. ஏழு வருடமாக முகராத மண்வாசனை எழுந்தது. பல பேர் கண்கலங்கிவிட்டார்கள்.

லோகப்பிரியாவுக்கே இறங்கிப் போய்க் காலை நனைக்கத் தோன்றியது. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வரும்? ஆறு தடவை என்றார் சென்னிமலை. அதற்கு முன்னால் இன்னும் இருபது தடவை இருக்கலாம். அத்தனை தடவையும் இறங்கியவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான் தப்பாகப் போனது.

"மேடம், இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" சசிதர் கேட்டார். ஆனால் குரலில் பழைய குஷி இல்லை.

நான்கைந்து பெண்கள் சரிவில் கால் வைத்தார்கள். மாவிளக்கு அணைந்துவிடப் போகிறதே என்ற பரபரப்பு. பூவாத்தாள் அசையாமல் நின்றார். அவர் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள்.

"நந்திதா, வா கண்ணு."

"நான் வரலீங்க அத்தை."

"வேண்டுதலு உன்றது. நீ நிக்காட்டி யாரு நிக்கறது?"

"வேண்டுனது இவங்ககிட்டதானுங்களே. இவங்க இங்க மேல இருக்கறாங்க." நந்திதா கடைசிக் கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "நான் இவங்ககிட்டயே இருந்துக்கறேன்."

பூவாத்தாள் மருமகளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். சரிவில் நின்ற பெண்களைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டார். "ஏய், ஏறுங்கடி மேல! குளத்துச் சேதி வாரவரைக்கும் ஒருத்தி எறங்கக்கூடாது." பிறகு லோகப்பிரியாவிடம், "ஒரு மணி நேரம்னாங்களே உங்க ஆளு? இருக்கறோம். அதுக்கப்பறம் நீங்களே பதில் சொல்லோணும்" என்றார்.

காத்திருந்தார்கள். தண்ணீர் பள்ளத்தின் அகலமெல்லாம் பரவி, கெண்டைக்கால் அளவுக்கு ஏறி, தெளியத் தொடங்கியது. வெயில் பட்டு மினுங்கியது. இருபது நிமிடம். நாற்பது நிமிடம். வெறுத்துப்போய் சில ஆண்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு கிழவர், "அந்தக் காலத்துல விஏஓ பேச்சைக் கேட்டா சாமி கும்புட்டோம்" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். லோகப்பிரியா கைபேசித் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே காலுக்கு மதன்குமார் கூப்பிட்டான். மூச்சு வாங்கினான், ஆனால் சிரித்தான். "கரை நின்னுருச்சுங்க! கசிவை அடைச்சாச்சு. உபரித் தண்ணியக் கலங்கல் வழியாத் திருப்பி விட்டுட்டோம், அதுவும் அக்கட்டால வேற பள்ளத்துக்குப் போகுது. உங்க பக்கம் இப்ப வாரதுதான் வரும். பயமில்லீங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமுங்க."

அவள் கைபேசியை இறக்கினாள். நூறு முகங்கள் அவளையே பார்த்தன.

இன்னும் தகவல் வரவில்லை என்று சொல்லிவிடலாம். மாலை வரை இழுத்தால் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். அவள் மானமும் பிழைக்கும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது என்பதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்லி ஒரு முறை தடுத்தால், அடுத்த முறை உண்மையைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்?

பூவாத்தாளிடம் போனாள். "கரை நின்னுருச்சுங்க தலைவரம்மா. ஆபத்து ஒண்ணுமில்லைங்கறாங்க. நான் பயந்த மாதிரி நடக்கல. இறங்கலாமுங்க."

சசிதர் கையைத் தட்டினார். "அவ்வளவுதான்! நான் சொன்னனில்ல? எறங்குங்க, எறங்குங்க!"

பெண்கள் தாம்பாளங்களைத் தூக்கினார்கள். யாரோ சங்கு ஊதத் தொடங்கினார்கள்.

பூவாத்தாள் நகரவில்லை.

"எறங்கலாம்னு யாரு சொன்னது?" என்றார்.

"போன்ல, மதன்குமார் சார்…"

"அது சரி அம்மணி. அன்னைக்கு?" அவர் ஒன்பது கற்களையும் ஒரு முறை பார்த்தார். "எங்க ராசாத்தா, புள்ளைய இடுப்புல வெச்சுட்டு எறங்குனாளே. தானா எறங்கியிருப்பாளா? யாரோ ஒருத்தர் கரையில நின்னு, எறங்கு சாமி, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான இருப்பாங்க. அதுவும் அவ மாமியாதான் சொல்லியிருப்பா."

சங்கு நின்றது.

"இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கும் தெரியுது. எறங்கிக் கும்புட்டுப்போட்டுச் சந்தோசமா ஊட்டுக்குப் போலாம். அப்பறம் அடுத்த தடவையும் எறங்கோணும். அன்னைக்குக் குளத்துச் சேதி சொல்ல ஆள் இருக்குமா?" பூவாத்தாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகினார். "கல்லை மேட்டுல நட்டவங்க என்ன கூமுட்டைங்களா? கும்புட்டா இங்க நின்னு கும்புடுங்கன்னுதான நட்டுருக்காங்க. நாமதான் கல்லை இங்க உட்டுப்போட்டு அங்க எறங்கிட்டோம்."

"அப்ப தண்ணி காலைத் தொட வேண்டாமுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தொடும். நாம போக வேண்டாம், அதைக் கூட்டியாரலாம். சென்னிமலை! கயிறு, குடம்!"

தெற்கே பத்துத் தப்படியில் ஒரு சின்னப் பாலம். சென்னிமலை அதன் கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, குடத்தைக் கயிற்றில் கட்டி வீசினார். முதல் வீச்சில் வெறும் நுரை வந்தது. இரண்டாவது வீச்சில் பாதிக் குடம். "என்னய்யா, மீனா புடிக்கறே?" என்று சசிதர் கேட்டுவிட்டு, தானே போய்க் கயிற்றைப் பிடித்தார். மூன்றாவதில் நிறைந்து வந்தது.

மஞ்சளும் பூவும் இட்ட பிறகு, அந்தக் கலங்கல் தண்ணீரைப் பூவாத்தாளே சொம்பில் மொண்டு, கடைசிக் கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றினார். பிறகு குனிந்து நந்திதாவின் பாதத்தில் ஊற்றினார். மாமியார் மருமகள் காலில் தண்ணீர் ஊற்றுவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. நந்திதா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"சும்மா இரு கண்ணு. நல்லா சில்லுனு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க அத்தை."

மாலை நான்கு மணிக்கு, அலுவலகத்தில் லோகப்பிரியா புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். திருத்தம் என்று தலைப்பில் எழுதினாள். மேலே அனுப்பினால் விளக்கம் கேட்பார்கள். போன மாதம் இல்லை என்றவர், இந்த மாதம் உண்டு என்கிறாரே என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதிவேட்டின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தாள். எச்சரிக்கைப் பட்டியலில் செங்கரட்டுவலசையும் சேர்க்கக் கோருகிறேன் என்று கீழே எழுதினாள்.

வெள்ளம்: உண்டு. கடைசியாக நடந்தது: 1932 நவம்பர். உயிரிழப்பு என்ற கட்டத்தில் 9 என்று போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. பூவாத்தாள். கையில் தேங்காய் மூடியும் பொட்டுக்கடலையும் வைத்த தட்டம்.

"கோயில் பிரசாதம் அம்மணி. உங்களுக்குக் குடுக்காம போயிட்டோம்." தட்டத்தை மேசையில் வைத்தவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தப்பாப் போட்டிருக்கீங்க."

"ஒன்பது வரிதானுங்களே இருக்கு?"

"வரி ஒம்பது. ஆளு பத்து." அவர் விரலால் கட்டத்தைத் தட்டினார். "அந்தப் புள்ளைக்கு அப்பப் பேரு வெச்சாங்களோ இல்லியோ. நோட்டுலயும் ஏறல, கல்லும் நடல. நீங்களாச்சும் எழுதிப்போடுங்க."

லோகப்பிரியா ஒன்பதை அடித்தாள். பக்கத்தில் பத்து என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டாள்.